எழுபத்தொன்றாம் பக்கத்து நான்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புகைமூட்டம். பள்ளித் திடலுக்கு அப்பால் மோனோரயில் தூண் பாதிதான் தெரிந்தது. பிள்ளைகளை வெளியே விடவில்லை. நாள் முழுக்க வகுப்புக்குள் அடைத்து வைத்ததில் போனது என் தொண்டை.

செய்ய வேண்டியவை:
– நான்காம் ஆண்டு கட்டுரைகள், 22 பாக்கி
– தையல்காரரிடம் ரவிக்கை
– அக்காவுக்குப் போன்
– வாசிப்பு மூலைக்குப் புது அட்டை
– அக்காவுக்குப் போன் (இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறைகூடச் செய்யவில்லை.)

ஓய்வு நேரத்தில் டாக்டர் நோராவின் மின்னஞ்சல். என் மேற்பார்வையாளர் வழக்கமாக இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டார். இன்று ஒரு பத்தியே எழுதியிருக்கிறார். அத்தியாயம் 4 மிக நன்று, ஆய்வேட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது, குறிப்பாகப் பக்கம் 71. பிறகு ஒரு சின்ன வேலை. ஆய்வேட்டில் வரும் குடும்பத்தாரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கச் சொல்கிறது நெறிமுறைக் குழு. என் அக்கா மூன்று இடத்தில் வருகிறாள். படிவம் இணைப்பில்.

சின்ன வேலைதான். மேசையில் வைத்த கை வியர்த்து, கட்டுரைத் தாளில் மை கலைந்துவிட்டது.

பக்கத்து மேசை கலா டீச்சர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்னா ஆராய்ச்சி டீச்சர் அது?"

"என்னைப் பத்தித்தான். நம்ம வாழ்க்கையவே எடுத்து வச்சு அது வழியா சமுதாயத்தப் பாக்கறது. தன்இனவரைவியல்னு பேரு."

"அதுக்கா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க? எங்க மாமியாரு தினம் அவங்களப் பத்தி மட்டும்தான் பேசறாங்க. இந்நேரம் மூணு பட்டம் வாங்கியிருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 9, புதன்

மழை பெய்து புகை அடங்கியது. அக்காவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.

இதை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

பக்கம் 71. கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளி. படிவம் ஒன்று, அங்கே முதல் வருட வகுப்பு. மலாய்ப் பாட வேளை. ஒரு பெண் நடைபாதையில் நாற்காலி மேல் நிற்கிறாள், கையில் பாடநூல். ஒரு பத்தியைப் பிழையில்லாமல் வாசித்தால்தான் இறங்கலாம். ஒரு பிழை வந்தாலும் முதல் வரியிலிருந்து. ஓய்வு மணி அடிக்கிறது. எல்லா வகுப்பும் அவளைக் கடந்து கேன்டீனுக்குப் போகிறது. அவள் வாசித்துக்கொண்டே இருக்கிறாள். "நான்" என்று எழுதியிருக்கிறேன். "என் முழங்கால் நடுங்கியது" என்று எழுதியிருக்கிறேன்.

நடுங்கியது அக்காவின் முழங்கால். கடந்து போனவர்களில் ஒருத்தி நான்.

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தபோது மலாயில் தேறவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இடைநிலைப் பள்ளியில் முதலில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. அக்காவுக்கு அந்த ஒரு வருடம் அதில் போனது. அடுத்த வருடம் நான் தேறி நேராக வந்தேன். ஆக இரண்டு பேரும் ஒரே வருடம் படிவம் ஒன்று. மதிப்பெண் பார்த்துப் பிரித்ததில் நான் முதல் வகுப்பு, அவள் கடைசி வகுப்பு.

எப்படி அது "நான்" ஆயிற்று? மூன்று வருடத்துக்கு முந்தைய பயிலரங்கு. டாக்டர் நோரா எல்லோருக்கும் வெள்ளைத்தாள் கொடுத்து, பள்ளிக்காலக் காயம் ஒன்றை எழுதச் சொன்னார். என்னிடம் காயம் இல்லை. மாணவர் தலைவி, பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, நன்னடத்தைச் சான்றிதழ். மற்றவர்கள் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். காயம் இல்லாதது எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இப்போது படித்தால் காறித் துப்பத் தோன்றுகிறது, ஆனால் உண்மை அதுதான். பேனா தானாக அந்த நாற்காலியை எழுதியது. வாசித்தேன். ஈப்போவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை அழுதார். டாக்டர் நோரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் உங்கள் ஆய்வு" என்றார்.

"இது எனக்கு நடந்ததில்லை" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடி வரவேயில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

இதைவிடப் பயமான ஒன்று. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் நாற்காலியின் மேலிருந்து பார்ப்பது போலவே தெரிகிறது. கீழே போகிற தலைகள், எண்ணெய் வைத்த வகிடுகள். அதில் என் வகிடும் இருக்க வேண்டும். இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் இருபது நிமிடத் தாமதம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அக்கா வீட்டு வாசலில் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். பதினாறு வருடமாக அவள் ஓட்டும் மஞ்சள் வேன். மகள் கவிதாவின் படிப்புச் செலவும் அதில்தான். கிள்ளானில் பாதிப் பிள்ளைகள் அதில் ஏறித்தான் பெரியவர்களானார்கள் என்பாள்.

"என்னா திடீர்னு? சாப்டியா?"

"ஒரு கையெழுத்து வேணும்கா. என் ஆராய்ச்சிக்கு. நீயும் அதுல வர்ற."

"நானா? நல்லதா எழுதியிருக்கியா, கெட்டதா?"

"நல்லதுதான்."

"அப்ப எங்க போடணும் சொல்லு. இரு, கை ஈரமா இருக்கு."

கைலியில் கையைத் துடைத்துவிட்டு வேன் முகப்பில் தாளை வைத்துப் போட்டாள். ஒரு வரி படிக்கவில்லை. பெருவிரல் ஈரம் மட்டும் ஓரத்தில் பதிந்தது. நான் பயந்து பயந்து ஒரு வாரம் தள்ளிப்போட்ட வேலை, அரை நிமிடத்தில் முடிந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஆன்டி, என் தங்கச்சி டாக்டராவப் போறா! ஊசி போடற டாக்டர் இல்ல லா, புத்தகம் எழுதற டாக்டர்."

வரும்போது நெத்திலி சம்பல், பழைய மார்ஜரின் டப்பாவில். ரயிலில் மடியில் சூடாக இருந்தது. கையெழுத்துத் தாள் கைப்பையில். திருடிக்கொண்டு போகிறவளுக்கு வழிச்சோறும் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளி முடிந்து நேராகப் பல்கலைக்கழகம். ஈரக் குடை, டா. நோ. அறையில் குளிர்.

படிவத்தைப் பார்த்தார். விரல் ஈரத் தடத்தையும் பார்த்தார். "அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா?"

அக்காவுக்கு ஆங்கிலம் வராது என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன். அவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாப் பக்கமும். நம் வாழ்க்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை ஜெயந்தி. நம்மைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் இருந்தவர்களையும் சேர்த்துத்தான் எழுதிவிடுகிறோம். இந்த முறையில் அதுதான் மிகவும் கஷ்டம்."

"பக்கம் 71இல் அக்கா வரவே இல்லையே."

இதை நானே சொன்னேன். என் வாயால். நாக்கு கூசவில்லை.

"அப்படியானால் அதை வாசிப்பது எளிது" என்றார். பிறகு நல்ல செய்தி: அக்டோபர் கருத்தரங்கில் அந்தப் பக்கத்தை நான் மேடையில் வாசிக்க வேண்டுமாம். கட்டுரையாகவும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று.

உண்மையைச் சொன்னால் போவது: அத்தியாயம் 4. கட்டுரை. அக்டோபர். டா. நோ. முகத்தைப் பார்க்கும் தைரியம். சொல்லாவிட்டால் போவது: ஒன்றும் போகாது. அதுதான் பயமாக இருக்கிறது.

பி.கு. ரவிக்கை இன்னும் தைக்கவில்லையாம். கை அளவு தொலைந்துவிட்டதாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பிரிக்பீல்ட்ஸில் நடக்க முடியவில்லை, கோயிலில் கூழுக்கு வரிசை சாலைவரை. நான் வரிசையில் நிற்காமல் வீட்டுக்கு வந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

அக்கா வரும் மூன்று இடமும் சுலபம். அக்கா எனக்குச் சடை பின்னியது, அக்கா படிவம் மூன்றோடு நின்றது, அக்கா என் பட்டமளிப்புக்கு வந்தது. அப்புறம் 71.

ஆங்கிலத்தில் எழுதும்போது அது யாரோ ஒருத்தியின் முழங்கால். தமிழில் எழுதினால் அக்காவின் முழங்காலாகவே வந்து நிற்கிறது, சைக்கிளிலிருந்து விழுந்த தழும்போடு. ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம்.

குமார் கூழ் வாங்கி வந்தார். "கூழு குடிக்கிற மூஞ்சியா இது?" என்றார். சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இருபது வருடம், இந்த மூன்று வருடத்து விஷயத்தை இன்றுதான் சொன்னேன்.

யோசித்துவிட்டுச் சொன்னார்: "கையெழுத்துதான் கெடச்சிருச்சே. வாசிச்சுக் காட்டிட்டேன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத்தான் மூணு வருஷமா தெரியுமே லா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கூழ் இறங்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். காரணம் என்று "குடும்ப வேலை" எழுதினேன். இந்த மாதத்தில் நான் எழுதிய முதல் உண்மை.

காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் அக்காவுக்குப் பதினொன்றரை வரை ஓய்வு. பள்ளிக்குப் பின்னால் மழைமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு, அவித்த வேர்க்கடலைக் கச்சான் கொறித்துக்கொண்டு வானொலி கேட்பாள். நான் பக்கத்து இருக்கையில். வேனுக்குள் காலுறை வாசனையும் பிஸ்கட் தூளும்.

"வாசி. கேக்கறேன்" என்று வானொலியை அணைத்தாள்.

சடை பின்னிய இடத்தில் சிரித்தாள். "நீதான் தலைய ஆட்டிக்கிட்டே இருப்ப." பட்டமளிப்பில் அவள் கட்டியிருந்த சேலை நிறத்தைத் திருத்தினாள். பச்சை இல்லை, மயில்கழுத்து. குறித்துக்கொண்டேன்.

அப்புறம் 71. தலை நிமிராமல் வாசித்தேன். நாலாவது வரியில் கச்சான் உடைக்கும் சத்தம் நின்றது. கடைசிவரை வாசித்தேன். வகுப்பில் பிள்ளைகள் தெரியாத பாடத்தை ஒப்பிப்பார்களே, அந்த வேகத்தில்.

ஒரு லோரி போனது. இன்னொன்று போனது.

"இது எப்ப நடந்துச்சு ஒனக்கு?"

நான் தாளின் ஓரத்தை மடித்தேன்.

"ஜெயா, நாற்காலில நின்னது நான்லா."

"தெரியும்கா."

"தெரிஞ்சா எழுதின?"

"ம்."

"எத்தன பேரு படிச்சிருக்காங்க?"

"பத்துப் பேரு இருக்கும். ஒருத்தங்க அழுதாங்க."

"ஒனக்காகவா?"

"ம்."

மடியிலிருந்த கச்சான் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். "எனக்காக அன்னைக்கு ஒருத்தரும் அழல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாலுக்குச் சீனி போதவில்லை என்பது போலச் சொன்னாள்.

மாற்றிவிடுகிறேன், உன் பெயரிலேயே போட்டுவிடுகிறேன், மன்னிச்சிரு என்று ஏதேதோ உளறினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் பேரப் போடாத. கவிதா யூனிவர்சிட்டில படிக்கிறா. வீட்டுக் கஷ்டத்துல படிப்ப நிறுத்துனேன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நாற்காலி கதையெல்லாம் அவளுக்குத் தெரியாது. நீயே வச்சிக்க."

"அது பொய்யிக்கா."

"இருக்கட்டும். டாக்டரானவ நாற்காலில நின்னான்னா எல்லாரும் கை தட்டுவாங்க. வேன் ஓட்டறவ நின்னான்னா, ஐயோ பாவம், அதான் வேன் ஓட்டறாம்பாங்க. எனக்கு எதுக்கு அது?"

பத்து வருடம் சமூகவியல் படித்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக ஒரு வரி எழுதியதில்லை.

ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள். இறங்கும்போது டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி டேஷ்போர்டில் வைத்தாள், என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 23, புதன்

லேசான தலைவலி. வானம் மூடியே கிடந்தது.

கணக்கு நேராகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கையெழுத்து உண்டு. வாசித்தாயிற்று. அவளே வைத்துக்கொள் என்றுவிட்டாள். நெறிமுறைக் குழு கேட்பதெல்லாம் கையில் இருக்கிறது. நேற்றைவிட இன்று மோசமாக இருக்கிறது.

மூன்றாம் பாடவேளையில் பிள்ளைகளுக்குச் "சொந்தமாக ஒரு சம்பவம்" எழுதக் கொடுத்தேன். பாதிப் பேர் பத்துமலைக்குப் போய்க் குரங்கு தேங்காய் பிடுங்கியதையே எழுதியிருந்தார்கள். "பார்த்து எழுதாதே" என்று சிவப்பு மையால் ஏழு தாளில் எழுதினேன். எட்டாவதில் கை வரவில்லை.

அப்படியானால் அந்த வருடத்தில் எனக்குச் சொந்தம் என்று என்னதான் இருக்கிறது? ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.
– தலைவி பட்டை, நீலம்
– பேச்சுப் போட்டிக் கோப்பை (காது ஒடிந்தது)
– கேன்டீனுக்குப் போகும் வழியில் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தது
– ஒரு வாக்கியம்

வாக்கியத்தைக் குமாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நாற்காலிக்கு மறுநாள். அந்த மலாய் ஆசிரியரே எங்கள் வகுப்புக்கும் வருவார். பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைக் கேட்டார்: கடைசி வகுப்பு சாரதாவுக்கும் உனக்கும் அப்பா பெயர் மாணிக்கம் என்றே இருக்கிறதே, அவள் உன் அக்காவா? நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தான். மாணிக்கம் என்ற பெயரில் கிள்ளானில் எத்தனை அப்பாக்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"இல்லை ஆசிரியர், அப்பா பெயர் மட்டும்தான் ஒன்று" என்றேன். நல்ல மலாயில், பிழையில்லாமல். "நன்று" என்று சொல்லி அவர் பாடத்தைத் தொடங்கினார்.

அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகச் சொன்னேன்.

காயம் இல்லை என்று நினைத்து அக்காவுடையதை எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருந்தது இது. இதை எழுதினால் யாரும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜூலை 26, சனி

பகல் முழுக்கப் புழுக்கம்.

அக்காவே கூப்பிட்டாள். "கவிதாவ சென்ட்ரல்ல பஸ் ஏத்தி விட்டுட்டேன். பசிக்குது. எறங்கி வா."

நான்கு நாளாக அவள் குரலுக்காகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன் (ஒன்று குமாருடையது).

பிரிக்பீல்ட்ஸில் வழக்கமான வாழையிலைக் கடை. சனி மதியக் கூட்டம். மீன் பொரியல் இரண்டு சொன்னாள். வேனைப் பற்றி, கவிதா இளைத்துவிட்டதைப் பற்றி, பெட்ரோல் நிலையத்தில் யாரோ சண்டை போட்டதைப் பற்றிப் பேசினாள். செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. ரசம் வரும்வரை பொறுத்தேன்.

"அக்கா, நான் ஒன்னு சொல்லணும். படிவம் ஒன்னுல, நாற்காலிக்கு மறுநாளு..."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். என் வாக்கியம். மலாயிலேயே, ஒரு சொல் பிசகாமல், பன்னிரண்டு வயது என் குரலில், அந்தக் கெட்டிக்கார இழுப்போடு. மலாய் வாசிக்க வரவில்லை என்று நாற்காலியில் ஏற்றப்பட்டவள்.

"எப்படி..."

"எங்க கிளாஸ் நோட்டுப் புத்தகத்த அவருகிட்ட குடுக்க வந்தேன். கதவுக்கு வெளியதான் நின்னேன். நீ சொல்லி முடிச்சப்பறம் உள்ள வர ஒரு மாதிரியா இருந்துச்சு. அங்கயே கீழ வச்சிட்டுப் போயிட்டேன்."

முப்பத்து மூன்று வருடம். இதற்கிடையில் என் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு மருதாணி வைத்துவிட்டிருக்கிறாள். பட்டமளிப்புக்கு மயில்கழுத்துச் சேலை கட்டி வந்திருக்கிறாள்.

"அதுலருந்துதான் வேற பஸ்ல வந்தியா?" என்று கேட்டேன். அப்போது அவளுக்கு ஏதோ கோபம், பெரியவளாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பின்ன? அப்பா பேரு மட்டும் ஒன்னா இருக்கறவகூட எதுக்கு ஒரே பஸ்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் கண்ணில் தண்ணீர் வந்து இலையில் விழுந்தது. "ரசத்துல உப்பு போதும், அழாத" என்றாள். பக்கத்து மேசை அங்கிள் பார்த்தார். அக்கா அவரிடம் "காரம் அங்கிள்" என்றாள்.

அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

"நாற்காலி ஒன்னும் பெரிசில்ல ஜெயா. அந்த ஆளு எல்லாரையும் ஏத்துவாரு. எறங்குனதும் முடிஞ்சுது. நீ சொன்னதுதான் எறங்கல."

மோர் வந்தது. இரண்டு பேரும் வேண்டாம் என்றோம்.

"அத எழுது" என்றாள்.

"எத?"

"நீ சொன்னத. அது ஒன்னோடதுதானே. அதுக்கு வேணா கையெழுத்துப் போடறேன். இந்த வாட்டி படிச்சிட்டுப் போடறேன்."

"நீ கடைசி கிளாஸ்னு வரும்கா. கவிதா படிப்பா."

"படிக்கட்டும். அதுல நான் என்னா தப்பு பண்ணேன்?"

இலையை மடித்தாள். நான் மடிக்க மறந்து அப்படியே எழுந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

வெயில். ஓய்வு நேரத்தில் டா. நோ.வுக்கு மின்னஞ்சல். நாலு முறை எழுதி அழித்தேன். முதல் மூன்றிலும் "நினைவு என்பது சிக்கலானது" என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்தபிறகுதான் அனுப்ப முடிந்தது. "பக்கம் 71 எனக்கு நடந்ததல்ல. என் அக்காவுக்கு நடந்தது. எழுதும்போதே எனக்குத் தெரியும்."

மூன்று மணிக்குப் பதில். "புதன் நான்கு மணிக்கு வாருங்கள்."

கட்டுரைகள் எல்லாம் திருத்திவிட்டேன். ஏழு பேரிடமும், நடந்தது எதுவாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, திரும்ப எழுதுங்கள் என்றேன்.

ஜூலை 30, புதன்

மழை. குடையை ரயிலில் விட்டுவிட்டேன்.

டா. நோ. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் பட்டியல் போட்டார். 71 நீக்கம். ஆய்விதழுக்கு அவரே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெறுவார். அக்டோபர் இல்லை. நெறிமுறைக் குழுவுக்கு நான் கடிதம். படிப்பு இன்னும் ஒரு தவணை, ஒருவேளை இரண்டு, நீளும். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது.

"ஈப்போ ஆசிரியையிடமும் நீங்களே சொல்ல வேண்டும்" என்றார். "அவர் உங்களுக்காக அழுதார்."

புதிய பக்கத்தைக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம்தான். நாற்காலி இல்லை. பதிவேடு, கேள்வி, என் பதில், அவ்வளவு. வாசித்தார். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. "இதற்கு உங்கள் அக்கா ஒப்புக்கொள்வாரா?" என்று மட்டும் கேட்டார்.

மாலை ஈப்போவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் "ஓகே டீச்சர்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். ஏன் என்று தெரியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காற்று. கிள்ளான் ரயில் நேரத்துக்கு வந்தது, ஆச்சரியம்.

சமையலறை மேசை. அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். தமிழ்ப் பிரதியை நான் வாசிக்கிறேன் என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியும்" என்றாள். விரல் வைத்துப் படித்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது, நான் எழுந்து இறக்கினேன், அவள் நிமிரவில்லை.

ஓரிடத்தில் நிறுத்தினாள். "நாற்பது பேரு இல்ல, முப்பத்தெட்டு. ஒங்க கிளாஸ் நோட்டையும் நான் தூக்கியிருக்கேன்." மாற்றினேன். இன்னோரிடத்தில் "பயத்தில் சொன்னேன்" என்று எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். நான் அதை அடித்துவிட்டு "வெட்கத்தில்" என்று எழுதினேன். "ம்" என்று மேலே படித்தாள்.

மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு படிவம். அதையும் வரி வரியாக, மலாயில், உதடு அசைய. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பெயர், அடையாள அட்டை எண், முகவரி.

"பேர மாத்தணுமான்னு கேக்குது."

"மாத்திக்கலாம்கா. வேற பேரு போடலாம்."

"வேணாம்" என்று பெட்டியில் குறி போட்டாள். சாரதா, மாணிக்கம் மகள் என்று எழுதினாள். கையெழுத்து. தேதி. கடைசியில் ஒரு வரி காலியாக இருந்தது: ஆய்வாளருக்கு என்ன உறவு.

பேனாவை எடுத்தவள் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் பருப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

சொந்த அக்கா.

சொந்த என்பதன் கீழ் ஒரு கோடு.